இடது சக்கரம் மட்டும் ஏன் கொதிக்கிறது?

வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக் கடிதங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாமே பிரேக் விவகாரம், சுற்றிச் சுற்றிக் காலிபரில்தான், அதாவது பேடு என்ற உரசும் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டின் மேல் அழுத்தும் பாகத்தில்தான், வந்து நிற்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்): எங்களிடம் ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி இருக்கிறது, 2017 மாடல். எனக்குத் துபாயில் வேலை, அதனால் வருடத்தில் முக்கால்வாசி நாள் வண்டி வாசலில் கவர் போட்டபடி நிற்கும். இந்த லீவில் குடும்பத்தோடு மதுரைக்குக் கிளம்பினோம். பரமக்குடி தாண்டியதும் கருகல் வாசனை. இறங்கிப் பார்த்தால் முன்பக்கம் இடது சக்கரம் மட்டும் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் காக்கா (அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), "காலிபர் போச்சு, ரெண்டு பக்கமும் புதுசு போட்டுருவோம்" என்கிறார். வேண்டியவர்தான், ஆனால் சொல்கிற தொகை பெரிதாக இருக்கிறது. கட்டாயம் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: காக்கா பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன், ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலே சொல்லியிருந்தால் அவசரப்படுகிறார். "காலிபர் ஜாம்" என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு கோளாறுகள் நடமாடுகின்றன. காலிபர் வழுக்கி நகரும் கைடு பின் இறுகியிருக்கலாம், பேடின் நுனியில் நீட்டியிருக்கும் காது அதைத் தாங்கும் பிராக்கெட்டில் சிக்கியிருக்கலாம், பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து நின்றிருக்கலாம், அல்லது காலிபருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் புதுக் காலிபர் தேவையே இல்லை. கடைசிக் கோளாறு காலிபரிலேயே இல்லை. பிஸ்டன் நின்றுபோனாலும் பல சமயம் ரப்பர் சீல் கிட் போட்டுச் சரிசெய்துவிடலாம்.

உங்கள் வண்டி மாதிரியான பெரும்பாலான குடும்ப எஸ்யூவிகளில் முன்னால் இருப்பது மிதக்கும் வகைக் காலிபர். அதில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். நீங்கள் மிதித்ததும் அது உள் பேடை டிஸ்க்கோடு அழுத்தும், அந்த எதிர்விசையில் காலிபர் முழுவதும் இரண்டு கைடு பின்கள் மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடையும் அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல், மிதிக்கும்போது லேசாக முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழையபடி நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் கூட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அந்த மயிரிழைக்குக் குறுக்கே துருவோ காய்ந்த கிரீஸோ வந்தால் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

துருவுக்கு நம் பக்கத்தில் பஞ்சமா என்ன? உலோகங்களைக் கடற்காற்றில் போட்டு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு சோதனை மையம் வைத்திருக்கிறது. 1914-இல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் போகும் கம்பியையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டார்கள். உங்கள் காலிபரும் பிராக்கெட்டும் வெறும் வார்ப்பிரும்பு. அதிலும் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டி. ஓடுகிற வண்டியில் பின்னும் பிஸ்டனும் தினமும் கொஞ்சம் நகர்ந்து தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், நிற்கிற வண்டியில் அதுவும் இல்லை.

சரி, எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி எப்போது இழுக்கிறது என்பதில் ஆரம்பியுங்கள். பிரேக்கில் கால் வைக்காமல் நேராகப் போகும்போதே இடது பக்கம் இழுத்து, இடது சக்கரமும் சுட்டால், இடது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவே பிரேக் மிதிக்கும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தால் சந்தேகம் வலது பக்கத்தின் மேல் போக வேண்டும், ஏனென்றால் அங்கே பிடிக்கவில்லை, இடது ஒழுங்காகப் பிடிக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டு நல்ல காலிபரை மாற்றியவர்கள் நிறைய. உங்கள் கடிதப்படி முதல் வகை மாதிரிதான் தெரிகிறது.

அப்புறம் சூடாக இருக்கும்போதே சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு வைத்துவிட்டு இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையா? காலிபரில் இருக்கும் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் சூடாகப் பீச்சும், முகத்தை நேராக வைக்காதீர்கள். பீச்சியதும் சக்கரம் விடுபட்டால் ஆயிலின் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஹோஸைப் பார்க்க வேண்டும். பீச்சியும் சக்கரம் விடவில்லை என்றால் இரும்பில்தான் பிடிப்பு. இந்த ஒரு சோதனைக்குக் காசு செலவில்லை, காக்கா கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.

இரும்பில் என்றால், ஆறிய பிறகு சக்கரத்தைக் கழற்றி, காலிபரின் கீழ் போல்ட்டை எடுத்து மேலே தூக்கிக் கம்பியில் கட்டுங்கள். ஹோஸில் தொங்க விடவே கூடாது. கைடு பின் இரண்டையும் விரலால் தள்ளி இழுத்துப் பாருங்கள், லேசாக உள்ளே வெளியே போக வேண்டும். ஒன்று போய் மற்றொன்று நின்றால் பேடு ஆப்பு மாதிரி ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருக்கும். அடுத்து பேடு இரண்டையும் பிராக்கெட்டிலிருந்து உருவுங்கள். கையோடு வர வேண்டும், சுத்தியலால் தட்டித்தான் வருகிறது என்றால் உங்கள் கோளாறு அங்கேயே இருக்கிறது. பேடின் காது உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கிளிப் ஒன்று உண்டு, அது துருப்பிடிக்காது, ஆனால் அதற்கு அடியில் இருக்கும் வார்ப்பிரும்பு துருப்பிடித்து உப்பும். உப்பியது கிளிப்பைத் தள்ள, கிளிப் பேடின் காதை நெரிக்கும். வெளியே பார்த்தால் கிளிப் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும்! கடற்கரை வண்டிகளில் நான் முதலில் பார்க்கிற இடம் இதுதான். கிளிப்பைக் கழற்றி, அடியிலிருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் அரத்தாலும் பச்சை இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டுப் புதுக் கிளிப் போட்டால் வேலை முடிந்தது.

கடைசியாகப் பிஸ்டன். பழைய பேடு ஒன்றைக் குறுக்கே வைத்து சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். ஒரே சீரான பலத்தில் உள்ளே போனால் பிஸ்டன் நல்லது. அழுத்தும்போது நிப்பிளைத் திறந்து, ஒரு குழாய் மாட்டிப் பழைய ஆயிலை வெளியே விட்டுவிடுங்கள், அழுக்கு ஆயிலை ஏபிஎஸ் யூனிட்டை நோக்கித் திருப்பி அனுப்புவானேன்? பிஸ்டன் நகரவே மறுத்தால் காலிபரை இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான். கம்ப்ரஸர் காற்றைக் கொஞ்சமாக விட்டால் பிஸ்டன் வெளியே வரும், எதிரே மரக்கட்டை வைத்துவிட்டு விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருங்கள், அது துப்பாக்கிக் குண்டு வேகத்தில் வரும்.

இங்கேதான் பல பட்டறைகளில் பாதி வேலையோடு விட்டுவிடுகிறார்கள். புது சீல் கிட் போடுவார்கள், பத்து நாளில் மறுபடி ஜாம். காரணம், சீல் உட்காரும் பள்ளத்துக்குள் துரு இருக்கிறது. அந்தத் துரு சீலைப் பின்னாலிருந்து தள்ளி, அது பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கிறது. பள்ளத்தை வளைந்த முனையுள்ள கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் சீல் மாற்றுவது வீண். பிஸ்டனின் மேல்பரப்பில் குரோம் உரிந்து புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள், அந்தப் பரப்பில்தான் சீல் உட்காருகிறது, புதுப் பிஸ்டன் போடுங்கள். பள்ளமே அரித்துப் போயிருந்தாலோ நிப்பிள் உள்ளுக்குள் முறிந்தாலோ காக்கா சொன்னபடி புதுக் காலிபர் வாங்கலாம், அதுவும் கெட்ட பக்கத்துக்கு மட்டும் போதும். பேடு மட்டும் எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவு சூடு கண்ட பேடு மேலே கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும், மிச்சம் இருந்தாலும் அதைப் போடாதீர்கள். டிஸ்க் நீலம் பாரித்திருக்கிறதா என்றும், அதன் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விட்டதா என்றும் பாருங்கள். அந்தச் சக்கரத்தின் பேரிங் சத்தம் போடுகிறதா என்பதையும் கேளுங்கள், கிரீஸ் உருகியிருக்கலாம். பிரேக் ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு தரக்கட்டுப்பாடு கேட்பது 155 டிகிரி மட்டும். உங்கள் வண்டியில் எத்தனை வருட ஆயில் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாததிலிருந்தே ஊகிக்கிறேன்.

திரும்ப துபாய் போகும்போது ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், கியரில் போட்டுக் கட்டை கொடுங்கள். மூச்சுவிடாத பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். மச்சானிடமோ தம்பியிடமோ சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை ராமநாதபுரம் வரை போய்வரச் சொல்லுங்கள், போகிற வழியில் நாலு இடத்தில் நன்றாகப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். டீசல் காசு காலிபர் காசைவிடக் குறைவு.

கேள்வி (உச்சிப்புளியிலிருந்து ஓர் ஆசிரியை): காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது முதல் மூன்று நான்கு தடவை பிரேக் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. பிறகு இல்லை. மழைக்காலத்தில் இன்னும் அதிகம். பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம் டீச்சர். இரவு ஈரத்தில் டிஸ்க் மேல் மெல்லிய துருப் படலம் படிகிறது, முதல் சில பிரேக்கில் பேடு அதைத் துடைத்துவிடுகிறது. சத்தம் நாள் முழுக்கத் தொடர்ந்தாலோ, கிறீச் என்று உலோகத்தோடு உலோகம் உரசும் சத்தமாக மாறினாலோ பேடின் கனத்தைப் பாருங்கள். பின்தகட்டை விட்டுவிட்டு உரசும் பகுதி மட்டும் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். உள்பக்கப் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள், சக்கரத்தின் இடுக்கு வழியாக வெளிப் பேடை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு "நிறைய இருக்கு" என்பார்கள்.

கேள்வி (மண்டபத்திலிருந்து விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர்): அண்ணே, காலிபர் பின்னுக்கு நானே கிரீஸ் போட நினைக்கிறேன். படகில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குப் போடுகிற கிரீஸ் டப்பா டப்பாவாக இருக்கிறது, கடல் தண்ணிக்கே தாங்குகிறது. அதையே இதற்கும் போடலாமா? பையன் கூடாது என்கிறான்.

பதில்: பையன் சொல்வதைக் கேளுங்கள். கடல் தண்ணீருக்கு அது தாங்கும், உங்கள் காலிபரின் ரப்பர்தான் அதற்குத் தாங்காது. படகு கிரீஸ் பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. பிரேக்கில் இருக்கும் சீலும், பின்னை மூடியிருக்கும் பூட் என்ற ரப்பர் உறையும் பெரும்பாலும் இபிடிஎம் வகை ரப்பர், பிரேக் ஆயிலில் வருடக்கணக்கில் ஊறினாலும் அசையாது, ஆனால் டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் ஊறி உப்பிவிடும். பல வண்டிகளில் இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், அது உப்பினால் பின் துளைக்குள் அப்படியே ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். கிரீஸ் போட்ட பிறகுதான் ஜாம் ஆனது என்று புலம்புகிறவர்கள் கதை இதுதான். அந்த இரண்டு பின்களையும் மேல் கீழ் மாற்றி மாட்டிவிடவும் கூடாது, கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் அல்லது செயற்கை எண்ணெய் கிரீஸ், ரப்பருக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். சின்ன டியூப் ஒன்று நாலு சக்கரத்துக்கும் போதும். துளைக்குள் பழைய கிரீஸைத் துணி சுற்றிய குச்சியால் வழித்து எடுத்துவிட்டு, பின்னின் மேல் மெல்லிய பூச்சாகத் தடவினால் சரி. துளை நிறைய அடைத்தால் உள்ளே போக இடமில்லாமல் பின் திரும்ப வெளியே தள்ளும். பூட் கிழிந்திருந்தால் கிரீஸ் எதுவானாலும் பயனில்லை, உப்பு ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அந்த உறையை மாற்றுங்கள். துருப்பிடித்த பின்னை உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் துருவேறும். பின் செட் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

டீசலில் கழுவுவதையும் விட்டுவிடுங்கள். படகு எஞ்சினுக்குச் சரி, இங்கே பிரேக் கிளீனர் ஸ்பிரே மட்டும். எல்லாம் மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும், அது கேட்டுக்கு நேராக வண்டி உருளும்போது தெரிய வேண்டாம்.

கேள்வி (தொண்டியிலிருந்து): கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் வரை போவதற்குள் வலது முன் சக்கரம் இறுகிக்கொள்கிறது. நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் தானாக விட்டுவிடுகிறது. புதுக் காலிபர் போட்டாயிற்று, பேடும் புதுசு. இன்னும் அதேதான்.

பதில்: ஹோஸ். டீ குடிக்கிற நேரத்தில் சரியாகிவிடுகிறது என்பதே போதும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் ஊறி, உரிந்து வழியை மறிக்கும். உங்கள் கால் பலத்தில் ஆயில் எப்படியோ உள்ளே போய்விடும், திரும்பி வர அந்த பலம் இல்லை, அதனால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து வந்து பத்து நிமிடத்தில் விடுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஹோஸை சஸ்பென்ஷனோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்கு உள்ளே துரு உப்பி, ரப்பரை நெரித்துவிடும். அந்த இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள், பட்டையைச் சற்று நெகிழ்த்தியதும் சக்கரம் விட்டால் கோளாறு பிடிபட்டது. அப்போதும் பட்டையைத் தளர்த்தி வைத்து ஓட்டுவதற்கில்லை, ஹோஸை மாற்றுங்கள்.

உறுதி செய்ய, சக்கரம் இறுகியிருக்கும்போது முதலில் ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அப்போது சக்கரம் விடாமல், காலிபர் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் நடுவே இருக்கும் ஹோஸ்தான் குற்றவாளி. மேல் நட்டைத் தளர்த்தியதுமே விட்டால் அடைப்பு இன்னும் மேலே இருக்கிறது, பெடலை மிதித்ததும் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள். இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து இறுகுகிறவர்களுக்கும் இதே பதில்தான், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரின் தள்ளுகோலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் யாராவது மாட்டியிருப்பார்கள். நட்டைத் தொட்ட பிறகு ஏர் எடுக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஒரு பக்க ஹோஸ் போனால் அதே வயதுள்ள மறுபக்கத்தையும் மாற்றிவிடுவது என் பழக்கம். அந்தப் புதுக் காலிபரை என்ன செய்வது என்று கேட்காதீர்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி (தங்கச்சிமடத்திலிருந்து): வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போவதே வேலையாகிவிட்டது. கச்சான் காற்றுக் காலத்தில் மணலும் உப்புச் சாரலும் வண்டி முழுக்க. வந்ததும் சக்கரத்தைக் கழுவ வேண்டுமா, எந்தத் தண்ணீரில்?

பதில்: 2017-இல் சாலை வந்ததிலிருந்து எல்லோர் வண்டிக்கும் இந்த உப்புக் குளியல் கிடைக்கிறது, முன்பு அங்கே போன வேன்களோடு நின்றது. கழுவ வேண்டும், ஆனால் வந்த சூட்டோடு வேண்டாம். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கோணலாகும் வாய்ப்பு உண்டு. ஆறவிட்டு, சக்கரத்தின் உள்பக்கம் காலிபர், பிராக்கெட் மேல் படும்படி அடியுங்கள். வெளியே அலாயைப் பளபளப்பாக்குவதில் பிரயோசனம் இல்லை.

எந்தத் தண்ணீர் என்பது நல்ல கேள்வி. போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவுவது உப்பை எடுத்து உப்பைப் பூசுவதுதான். காவிரித் தண்ணீரை வண்டிக்கு ஊற்றினால் வீட்டில் யார் முகத்தில் முழிப்பது என்பதும் எனக்குத் தெரியும். மழைநீர்த் தொட்டி இருந்தால் இரண்டு வாளி போதும், சக்கரத்துக்கு அரை வாளி. கழுவிய பிறகு அப்படியே நிறுத்தாமல் பாம்பன் வரை ஒரு நடை ஓட்டி, பிரேக்கை நாலு தடவை அழுத்தி உலரவிட்டு வந்து நிறுத்துங்கள்.

கேள்வி (சாயல்குடியிலிருந்து): முன் பேடு நானே மாற்றிவிட்டேன். பின்னாலும் டிஸ்க்தான், ஆனால் பிஸ்டன் சி-கிளாம்ப்புக்கு அசையவே இல்லை. ஜாமா?

பதில்: கையை எடுங்கள் முதலில். ஹேண்ட்பிரேக் கேபிள் காலிபரிலேயே சேர்ந்திருக்கும் வகையில் பிஸ்டன் மரையில் உட்கார்ந்திருக்கும், அழுத்தினால் போகாது, அழுத்திக்கொண்டே திருக வேண்டும். பிஸ்டனின் முகத்தில் இரண்டு அல்லது நான்கு வெட்டு தெரிந்தால் அந்த வகைதான். அதற்கென்று திருகும் கருவி உண்டு, பக்கத்துப் பட்டறையில் கேட்டால் கொடுப்பார்கள். சில வண்டிகளில் இடதும் வலதும் எதிரெதிர்த் திசையில் திருகும், ஒன்று வரவில்லை என்று பலம் போடாமல் மறுபக்கம் திருகிப் பாருங்கள். பட்டனை இழுத்தால் மோட்டாரில் பிடிக்கும் ஹேண்ட்பிரேக் என்றால் இது எதுவுமே வேண்டாம், ஸ்கேனர் வைத்து சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் தொட வேண்டும், இல்லையென்றால் உள்ளேயிருக்கும் கியர் முறியும். அந்த வேலையை மட்டும் ஸ்கேனர் இருக்கிற இடத்தில் விட்டுவிடுங்கள்.